கொல்லிமலையில் முதற்கட்டளை: எபிரேய மறைநூலின் ஒரே இறைப்பற்றும் மலையாளி மக்களும்

எபிரேய மறைநூலின் பத்துக் கட்டளைகளில் முதலாவது, வேறு தெய்வங்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது. யூதர், கிறிஸ்தவர் இருவருக்கும் இது சமயத்தின் அடிப்படை. இக்கட்டளை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்கு வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர்கள் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரித் தம்பதியர். பழைய இஸ்ரவேலில் இக்கட்டளை ஒரு மக்களை அவர்களுடைய மூதாதையரின் கடவுளிடம் திரும்ப அழைத்தது. கொல்லிமலையில் அதே கட்டளை மூதாதையரின் தெய்வங்களை விட்டு வெளியேறும்படி கேட்டது. சொற்கள் ஒன்றாக இருந்தும் திசை மாறிவிட்டது. அந்த மாற்றத்தின் விலை என்ன, அதை யார் கொடுத்தார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மலையும் அதன் தெய்வங்களும்

கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. மேல்தளம் ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரம். சங்க இலக்கியம் அறிந்த மலை இது. வல்வில் ஓரியின் நாடு, கொல்லிப்பாவையின் இருப்பிடம். இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்தில் ஏறிவிடலாம். நூறு ஆண்டுகளுக்கு முன் நடை, மட்டக்குதிரை, டோலி ஆகியவையே வழி.

இங்கு வாழும் பெரும்பான்மையினர் மலையாளிகள். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்ற பொருளில் தமிழ் பேசும் இம்மக்கள் அப்பெயரைக் கொண்டுள்ளனர். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று சகோதரர்கள் புறப்பட்டு மூன்று மலைகளில் குடியேறினார்கள் என்பது இவர்களின் தோற்றக் கதை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதியிலும் இக்கதை உண்டு. மலை பல நாடுகளாகப் பிரிந்துள்ளது. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு, தேவனூர் நாடு என்று அவை நீளும். நாட்டுக்குப் பட்டக்காரர், ஊருக்கு ஊர்க்கவுண்டர், கோயிலுக்குப் பூசாரி என்ற அமைப்பில் நிலமும் உறவும் வழிபாடும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன.

தெய்வங்களுக்குக் குறைவில்லை. வளப்பூர் நாட்டில் அறப்பளீஸ்வரர், மாசிக்குன்றில் பெரியண்ணசாமி, காட்டுக்குள் எட்டுக்கை அம்மன், ஊருக்கு ஊர் மாரியம்மனும் கருப்பனும், இவர்களோடு பெருமாளும் உண்டு. நாமம் இட்டவர் சிவன் கோயிலுக்குப் போவதில் யாருக்கும் முரண்பாடு தெரியவில்லை. ஆடிப் பதினெட்டில் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு வரும் கூட்டத்தை இன்றும் பார்க்கலாம். பல ஊர்களில் மரம் வெட்டாமல் காக்கப்படும் கோயில் காடுகள் உள்ளன. பெரியண்ணசாமியோ மலைக்கு மட்டும் உரியவரல்லர். நாமக்கல், திருச்சி வட்டாரச் சமவெளிக் குடும்பங்கள் பலவற்றுக்கும் அவர் குலதெய்வம்.

இங்கே ஒரு தெய்வத்தை வணங்குவது மற்றொரு தெய்வத்தைத் தள்ளுவதாகாது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை, ஒரு வேலை, ஒரு நாள் உண்டு. புதிதாக ஒரு சாமி வந்தால் அதற்கும் ஒரு கல் நடலாம்.

எபிரேய நூலுக்குள்ளும் இதே காட்சி

முதற்கட்டளை பிறந்த உலகமும் இப்படித்தான் இருந்தது. இது பலர் கவனிக்காத செய்தி. யாத்திராகமம் 20ஆம் அதிகாரம் வேறு தெய்வங்கள் இல்லை என்று சொல்லவில்லை. அவற்றை என் முகத்துக்கு முன் வைக்காதே என்றே எபிரேய மூலம் கூறுகிறது. பிற தெய்வங்கள் பிற மக்களுக்கு இருக்கலாம், இஸ்ரவேலுக்கு அவை கூடாது என்பதே அதன் பழைய பொருள் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர். எண்ணிக்கையில் கடவுள் ஒருவரே என்ற கொள்கை வேறு, பலரிடையே ஒருவருக்கு மட்டும் கட்டுப்பட்டிருப்பது வேறு. முதற்கட்டளை இரண்டாவதைக் கேட்கிறது.

உபாகமம் 32ஆம் அதிகாரத்தில் ஒரு பழம்பாடல் உள்ளது. உன்னதமானவர் மக்களினங்களுக்கு எல்லை வகுத்தபோது யாக்கோபின் மக்கள் யாவேயின் பங்காக அமைந்தனர் என்கிறது அது. சாக்கடல் சுருள்களில் கிடைத்த வடிவமும் கிரேக்க மொழிபெயர்ப்பும் இந்தப் பங்கீடு தேவபுத்திரரின் எண்ணிக்கைப்படி நடந்ததாகச் சொல்கின்றன. நாடு நாடாகப் பிரித்து, நாட்டுக்கொரு தெய்வம் என்ற பார்வை கொல்லிமலைக்காரருக்குப் புதிதாகத் தோன்றாது. சவுலுக்கு அஞ்சி ஓடும் தாவீதும், சொந்த மண்ணைவிட்டுத் துரத்தப்படுவது அந்நிய தெய்வங்களைச் சேவிக்கத் துரத்தப்படுவதற்குச் சமம் என்றே முறையிடுகிறான் (1 சாமுவேல் 26). எல்லையைத் தாண்டினால் தெய்வமும் மாறுகிறது.

தொல்லியல் சான்றுகளும் இதற்குத் துணை நிற்கின்றன. சினாய்ப் பாலைவனத்தின் குன்டில்லத் அஜ்ருத் என்னுமிடத்தில் 1975-76இல் நடந்த அகழாய்வில் கி.மு. 800ஐ ஒட்டிய எழுத்துகள் கிடைத்தன. அவற்றில் யாவேயின் பெயருடன் அசேராவின் பெயரும் சேர்ந்து வருகிறது. எகிப்தின் எலிஃபன்டைன் தீவில் குடியிருந்த யூதப் படைவீரர்கள் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் யாகோவுக்குக் கோயில் வைத்திருந்தனர். அவர்களுடைய காணிக்கைப் பட்டியல் ஒன்றில் அனாத்-பெத்தேல் என்ற பெண் தெய்வத்துக்கும் பங்கு ஒதுக்கப்பட்டுள்ளது. தீர்க்கதரிசிகள் திரும்பத் திரும்பக் கண்டித்ததிலிருந்தே, சாதாரண மக்கள் கண்டிக்கப்பட்டதைச் செய்துகொண்டிருந்தார்கள் என்பது புரியும்.

அந்த மக்களின் குரல் ஓரிடத்தில் மட்டும் தெளிவாகக் கேட்கிறது. எருசலேம் அழிந்தபின் எகிப்துக்குத் தப்பிவந்த பெண்கள் எரேமியாவை எதிர்த்துப் பேசும் 44ஆம் அதிகாரம் அது. வானராணிக்குத் தூபம் காட்டிய காலத்தில் வயிறாரச் சாப்பிட்டோம், அதை நிறுத்திய பிறகே பட்டினியும் வாளும் வந்தன என்கிறார்கள் அவர்கள். மழை தவறிய ஆண்டில் பொங்கல் வைக்காத தெருவைப் பார்த்து ஊர்க்கிழவி ஒருத்தி இதைச் சொல்லியிருக்கலாம். மறைநூலைத் தொகுத்தவர்கள் இந்த எதிர்ப்பேச்சை நீக்காமல் விட்டுவைத்தது அந்நூலின் சிறப்புகளில் ஒன்று.

எரிச்சலும் வைராக்கியமும்

ஒரே இறைப்பற்றுக்கு எபிரேய நூல் இரண்டு உவமைகளைப் பயன்படுத்துகிறது. ஒன்று அரசனுக்கும் குடிக்கும் உள்ள ஒப்பந்தம். அசீரிய மன்னன் எசரத்தோன் கி.மு. 672இல் தன் சிற்றரசர்களிடம் வாங்கிய உறுதிமொழிகள் களிமண் பலகைகளில் கிடைத்துள்ளன. வாரிசாக வரும் அரசனை உயிரைப் போல நேசிக்க வேண்டும் என்று அவை கட்டளையிடுகின்றன. உபாகமம் 6ஆம் அதிகாரம் கடவுளை முழு இருதயத்தோடு நேசிக்கச் சொல்வதும் இதே மொழியில்தான். அங்கே நேசம் என்றால் முதன்மையாகக் கட்சி மாறாமை. பேரரசனுக்குச் சேரவேண்டிய விசுவாசத்தை யூதேயாவின் எழுத்தர்கள் கடவுளுக்கு மாற்றிவிட்டார்கள். சிறிய நாடொன்றின் துணிச்சலான செயல் அது.

மற்றொன்று கணவன் மனைவி உவமை. ஓசியா தீர்க்கதரிசி கி.மு. 8ஆம் நூற்றாண்டில் இதை எடுத்தாண்டார். பிற தெய்வத்தை நாடுவது சோரம் போவதற்கு ஒப்பு. இந்த இடத்தில் தமிழ் மொழிபெயர்ப்பு சுவையான ஒரு வேலையைச் செய்கிறது. 'கானா' என்ற எபிரேய வேர்ச்சொல், மனைவிமேல் ஐயம் கொண்ட கணவனின் பொறாமையையும் கடவுளின் குணத்தையும் ஒருசேரக் குறிப்பது. 1871இல் வெளிவந்த பவர் திருத்தப் பதிப்பு, கட்டளையில் கடவுளை 'எரிச்சலுள்ள' தேவன் என்கிறது. கர்மேல் மலையில் பாகால் பூசாரிகளோடு மோதிய எலியா, தன்னைப் பற்றிச் சொல்லும் இடத்தில் அதே வேர்ச்சொல் 'பக்திவைராக்கியம்' ஆகிவிடுகிறது. கடவுளிடத்தில் எரிச்சல், பக்தனிடத்தில் வைராக்கியம். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு எரிச்சல் என்ற சொல்லைக் கைவிட்டு, வேற்றுத் தெய்வ வழிபாட்டைச் சகிக்காதவர் என்ற பொருளில் விரித்து எழுதியது. பொருள் தெளிவானது, ஆனால் வீட்டுக்குள் நடக்கும் சண்டையின் சூடு போய்விட்டது. பழைய சொல்லே மூலத்துக்கு நெருக்கம் என்பது என் எண்ணம்.

கடவுள் என்பதற்கான சொல்லும் தமிழில் எளிதில் அமைந்துவிடவில்லை. சீகன்பால்க் சருவேசுரன் என்றார், ஃபப்ரிசியஸ் பராபரன் என்றார், பின்வந்தோர் தேவன் என்றனர். தேவன் என்றதும் முப்பத்து முக்கோடித் தேவரில் ஒருவர் என்று கேட்பவர் நினைப்பாரே என்ற தயக்கம் எப்போதும் இருந்தது. ஒருவரை மட்டும் வணங்கச் சொல்ல, பலருக்குப் பொதுவான சொல்லையே பயன்படுத்த வேண்டியிருந்தது. எபிரேயத்தின் 'எலோஹிம்' என்ற சொல்லும் வடிவத்தில் பன்மையே என்பதால் இந்த இக்கட்டு தமிழுக்கு மட்டும் உரியதன்று.

ஒரே தெய்வத்தைப் பற்றுவது தமிழ் மண்ணுக்கு அறிமுகமில்லாதது என்றும் கொள்ள வேண்டாம். பிற தெய்வம் தொழாமையை ஆழ்வார் வழிவந்த வைணவம் உயர்ந்த ஒழுக்கமாகப் போற்றியது. உடலில் இலிங்கம் அணிந்த வீரசைவர் பிற வழிபாட்டை விலக்கினர். ஆனால் அவை பெரும்பாலும் ஓர் அடியார் கூட்டத்தின் நெறிகள். ஊரிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் பொதுவான சட்டமாக அவை நிற்கவில்லை.

மேடைகளும் தோப்புகளும்

கி.மு. 622இல் யூதேயாவின் அரசன் யோசியா எருசலேம் ஆலயத்தில் நியாயப்பிரமாணச் சுருள் ஒன்று கண்டெடுக்கப்பட்டதை அடுத்துப் பெரும் சீர்திருத்தத்தைத் தொடங்கினான். நாடெங்கும் குன்றுகளில் இருந்த வழிபாட்டிடங்கள் இடிக்கப்பட்டன. அவற்றில் பல பிற தெய்வங்களுக்கு உரியவை அல்ல, யாவேயை வணங்கிய இடங்களே. ஒரே கடவுள் என்பதோடு ஒரே ஆலயம் என்பதும் சேர்ந்துகொண்டது. இந்த வழிபாட்டிடங்களைத் தமிழ் வேதாகமம் மேடைகள் என்கிறது. அசேராவின் சின்னத்தைத் தோப்பு விக்கிரகம் என்கிறது. ஆங்கிலத்தின் ஜேம்ஸ் மன்னர் பதிப்பு அசேராவைத் தோப்பு என்று பிழைபடப் புரிந்துகொண்டதன் நிழல் அது. புதிய மொழிபெயர்ப்பு அதை அசேராக் கம்பம் என்று திருத்திவிட்டது.

இந்தப் பழைய சொற்களோடு கொல்லிமலையில் உட்கார்ந்து அந்தப் பகுதியைப் படிப்பதாக எண்ணிப் பாருங்கள். குன்றின் உச்சியில் மேடை, பச்சையான மரத்தின் கீழ் பலி, வெட்டக்கூடாத தோப்பு. கானானைக் கண்டிக்கும் சொற்கள் அனைத்தும் சன்னலுக்கு வெளியே தெரிவதை நேராகச் சுட்டுவதுபோலத் தோன்றும். மொழிபெயர்ப்பில் நேர்ந்த ஒரு பிழை, தமிழ்நாட்டின் கோயில் காடுகளையும் குற்றப்பட்டியலில் சேர்த்துவிட்டது எனலாம். கோயில் காடுகள் அரிய மரங்களையும் நீரூற்றுகளையும் காத்துவந்ததை இன்றைய தாவரவியலாளர் பாராட்டி எழுதுகின்றனர். அந்தப் பார்வை அன்றைய மிஷனரிகளுக்குக் கிடைத்ததாகத் தெரியவில்லை.

யோசியாவின் சீர்திருத்தத்தில் தோற்றவர்கள் மேடைகளின் பூசாரிகள். எருசலேமின் பலிபீடத்தில் பணிசெய்ய அவர்கள் வரவில்லை, தம் சகோதரரோடு புளிப்பில்லா அப்பம் மட்டும் உண்டார்கள் என்று 2 இராஜாக்கள் 23 ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறது. கொல்லிமலைக் கதையிலும் மையத்தில் நிற்பவர் ஒரு பூசாரியே.

வாழவந்தியில் பிராண்ட் தம்பதியர்

ஜெஸ்ஸி மான் பிராண்ட் 1885இல் பிறந்தவர், கட்டுமானத் தொழில் அறிந்தவர். இலண்டனில் வெப்பமண்டல நோய்களுக்கான அடிப்படைப் பயிற்சி பெற்று, ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் சார்பில் 1907இல் இந்தியா வந்தார். 1861இல் தொடங்கப்பட்ட அந்த மிஷனின் பெயரிலேயே கண்டிப்பு இருக்கிறது. விசுவாச அறிக்கை செய்து முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவர் தவிரப் பிறரைத் திருவிருந்தில் சேர்க்காத சபைப் பிரிவு அது. மலையடிவாரச் சேந்தமங்கலத்தில் தங்கியிருந்தபோது மேலே வாழும் மக்களைப் பற்றி அறிந்தார். ஈவ்லின் ஹாரிஸ் 1879இல் பிறந்தவர், இலண்டனின் வசதியான குடும்பத்துப் பெண், ஓவியம் பயின்றவர். இருவரும் 1913இல் மணந்துகொண்டு மலையேறினர். வாழவந்தியில் ஜெஸ்ஸி தாமே வடிவமைத்த மரவீட்டில் குடியிருந்தனர். 1914இல் மகன் பால் பிறந்தார்.

மருந்து, பள்ளி, தச்சு வேலை, பழமரம் என்று ஜெஸ்ஸி தொடாத துறை குறைவு. மலைமக்கள் நிலவரித் தொல்லைக்கு ஆளானபோது அதிகாரிகளிடம் அவர்களுக்காக வாதாடினார். நரம்புச் சிலந்தி நோய் அப்போது மலையில் பரவியிருந்தது. காலிலிருந்து வெளிவரும் புழுவைக் குச்சியில் சுற்றி நாள்தோறும் சிறிது சிறிதாக இழுக்க வேண்டும், அறுந்தால் சீழ் வைத்துவிடும். நோயாளி கிணற்றில் கால் நனைக்கும்போது புழுவின் குஞ்சுகள் தண்ணீரில் கலந்து, குடிப்பவருக்கு நோய் தொற்றும். கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பி, இறங்காமல் நீர் எடுக்கச் செய்வதே தீர்வு. இந்நோய் இந்தியாவிலிருந்து ஒழிந்ததாக உலக நலவாழ்வு நிறுவனம் 2000இல் சான்றளித்தது.

மருந்து வாங்க வந்தவர்கள் ஏராளம். சமயம் மாறியவர் பல ஆண்டுகளுக்கு ஒருவரும் இல்லை. இயேசுவையும் சேர்த்து வணங்குவதாக இருந்தால் கூட்டம் வந்திருக்கும். அவரை மட்டும் என்ற நிபந்தனையே தடையாக நின்றது. அந்த 'மட்டும்' என்ற சொல்லை மலையூரின் நடைமுறையில் வைத்துப் பார்க்க வேண்டும். தமிழூர்களில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி உண்டு. அதைக் கொடாதவர் ஊரில் பாதி ஆள். சாமிக்கு வெட்டிய ஆட்டின் கறியில் பங்கு வாங்காதவர் வீட்டில் மற்றவர் கைநனைக்கத் தயங்குவர். பெண் கொடுப்பதும் எடுப்பதும் அதைப் பொறுத்தது. கடவுளை மாற்றுவது என்பது இங்கே மனத்துக்குள் நடக்கும் கருத்து மாற்றமாக இருக்க வழியில்லை.

பிராண்ட் தம்பதியரின் வரலாற்றை டொரத்தி கிளார்க் வில்சன் போன்றோர் எழுதியுள்ளனர். மிஷன் வட்டாரத்தில் வழங்கும் அவ்வரலாற்றின்படி, அவர்களைக் கடுமையாக எதிர்த்தவர் உள்ளூர்ப் பூசாரி. மக்களை அவர்களிடம் அண்டவிடாமல் தடுத்தவர் அவரே. பின்னர்க் கடுங்காய்ச்சல் மலையில் பரவியபோது அவர் வீட்டிலும் நோய் புகுந்தது. தொற்றுக்கு அஞ்சி உற்றாரும் நெருங்காத நேரத்தில் ஜெஸ்ஸி சென்று பணிவிடை செய்தார். சாகும் தறுவாயில் பூசாரி தம் குழந்தைகளை அவர்களிடம் ஒப்படைத்தார். பெண் குழந்தைக்கு ரூத் என்று பெயர் வைத்து ஈவ்லின் வளர்த்தார். அதன் பிறகே சிலர் துணிந்து சபையில் சேர்ந்தனர்.

இது மிஷன் தரப்பின் கூற்று என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பூசாரியின் மனத்தில் ஓடியதை அவர் வாயால் கேட்டு எழுதியவர் யாருமில்லை. என்றாலும் அவருடைய எதிர்ப்பைக் குறுகிய மனம் என்று ஒதுக்கிவிட முடியாது. யோசியாவின் காலத்து மேடைப் பூசாரியைப் போல அவருக்கு இழக்க வேண்டியது தொழில் மட்டுமன்று. நாட்டின் மழைக்கும் விளைச்சலுக்கும் அவர் பொறுப்பாளி. ஒரு வீடு விலகினாலும் சாமி ஊர் முழுவதன் மேலும் கோபிக்கும் என்று நம்பிய மனிதருக்கு, விலகச் சொல்லும் அந்நியர் ஆபத்தானவராகத்தான் தெரிவார். எகிப்தில் எரேமியாவை எதிர்த்த பெண்களின் வாதமும் இதுவே.

ரூத்தும் நாகமானும்

குழந்தைக்கு வைத்த பெயர் தற்செயலானதாக இராது. எபிரேய நூலின் ரூத் மோவாபியப் பெண். விதவையான மாமியாரைப் பிரிய மறுத்து, உன் மக்கள் என் மக்கள், உன் கடவுள் என் கடவுள் என்ற பொருளில் உறுதி கூறியவள். மக்களும் கடவுளும் ஒரே மூச்சில் மாறுகிறார்கள். ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் மாற்ற அந்த உலகில் இடமில்லை. மலையின் பூசாரி மகளுக்கும் அவ்வாறே நேர்ந்தது, ஆனால் ரூத்துக்குக் கிடைத்த தேர்வு அவளுக்குக் கிடைக்கவில்லை. தமிழோடு இந்நூலுக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. தரங்கம்பாடியில் பழைய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கிய சீகன்பால்க் 1719இல் இறந்தபோது ரூத் ஆகமம்வரை முடித்திருந்தார்.

யோசுவா 24ஆம் அதிகாரம் இன்னும் வெளிப்படையானது. ஆபிரகாமின் தந்தை தேராகு பிற தெய்வங்களைச் சேவித்தவர் என்று அது ஒப்புக்கொண்டு, அந்த மூதாதையரின் தெய்வங்களை அகற்றச் சொல்கிறது. ஆகவே விட்டுவிலகலும் அந்நூலின் மரபே. இஸ்ரவேலின் பெரும்பாலான தலைமுறைகளுக்குத் திரும்புதலாக ஒலித்த கட்டளை, ஆபிரகாமுக்கும் ரூத்துக்கும் புறப்படுதலாக ஒலித்தது. மலையில் முதலில் சேர்ந்தவர்களின் நிலை இவ்விருவரின் நிலை.

கண்டிப்பு எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதில் எபிரேய நூல் ஒரே குரலில் பேசவில்லை. சீரியாவின் படைத்தலைவன் நாகமான் குஷ்டரோகம் நீங்கியபின் இனி யாவேயை மட்டுமே வழிபடுவேன் என்கிறான் (2 இராஜாக்கள் 5). அதற்காக இஸ்ரவேலின் மண்ணில் இரண்டு கோவேறு கழுதைச் சுமை கேட்டு வாங்கிச் செல்கிறான். தமிழ் வாசகருக்கு இது விளக்கம் தேவைப்படாத செயல். மலையிலிருந்து குலதெய்வத்தின் பிடிமண் எடுத்துவந்து சமவெளியில் கோயில் கட்டுவோர் செய்வது இதைத்தான். நாகமான் அத்தோடு நிற்கவில்லை. என் அரசன் ரிம்மோன் கோயிலில் என் கைமேல் சாய்ந்து பணியும்போது நானும் பணிய வேண்டிவரும், அதை மன்னிக்க வேண்டும் என்கிறான். எலிசா அவனைக் கடிந்துகொள்ளவில்லை, சமாதானமாய்ப் போகச் சொல்கிறான். கர்மேலில் எலியா காட்டிய வைராக்கியத்தை மட்டும் படித்தவர்கள் அவருடைய சீடர் காட்டிய இந்த நெகிழ்வைக் கடந்துபோய்விடுகிறார்கள். திருவிழாவின்போது பட்டக்காரர் வீட்டில் வேலைசெய்யும் கிறிஸ்தவன் என்ன செய்யலாம் என்று கேட்டால், ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் சபை எலியாவின் பக்கமே நிற்கும். மறைநூலில் இரண்டுக்கும் இடம் உண்டு.

பின்னாளில்

ஜெஸ்ஸி 1929 ஜூன் மாதத்தில் கருநீர்க் காய்ச்சல் எனப்படும் கடும் மலேரியாச் சிக்கலால் வாழவந்தியில் இறந்தார். வயது 44. மகனும் மகளும் அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தனர். ஈவ்லின் மீண்டும் மலைக்கு வந்தார். கொல்லிமலையோடு பச்சைமலை, கல்வராயன் உட்பட ஐந்து மலைகளுக்குப் போக வேண்டும் என்பது இருவரின் பழைய திட்டம். 68 வயதில் மிஷன் அவருக்கு ஓய்வு கொடுத்து மறுபடி அனுப்ப மறுத்தபோது, மிஷன் ஆதரவு இல்லாமலே தங்கிவிட்டார். எலும்பு முறிவுகளுக்குப் பிறகும் மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போன அந்தக் கிழவியைப் பற்றிய கதைகள் பல. 1974 டிசம்பரில், 95 வயதில் இறந்தார். வாழவந்தியில் கணவருக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார். மகன் பால் பிராண்ட் 1946இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தும் முறைகளில் உலகப் புகழ் பெற்றார். 2003இல் மறைந்தார்.

உபாகமம் 10ஆம் அதிகாரம் தேவர்களுக்கெல்லாம் மேலான கடவுள் என்று அறிவித்த அடுத்த மூச்சில், அவர் அனாதைக்கும் விதவைக்கும் நியாயம் செய்பவர், அந்நியனுக்கு உணவும் உடையும் தருபவர் என்கிறது. பிற தெய்வம் கூடாது என்ற வாசகத்தை வாழவந்தியில் எத்தனை பேர் விளங்கிக்கொண்டார்களோ, காய்ச்சல் வீட்டுக்குள் நுழைந்த மனிதரை எல்லாரும் பார்த்தார்கள்.

மலையில் இன்று கிறிஸ்தவர்கள் சிறுபான்மையினர். அறப்பளீஸ்வரரும் பெரியண்ணசாமியும் எட்டுக்கை அம்மனும் முன்னைவிடக் கூடுதல் கூட்டத்தை ஈர்க்கின்றனர். மலையாளிகள் பட்டியல் பழங்குடியினர். பட்டியல் சாதியினருக்கு 1950ஆம் ஆண்டு ஆணை சமய நிபந்தனை விதித்தது. பழங்குடியினருக்கு அத்தகைய நிபந்தனை இல்லை. எனவே கிறிஸ்தவரான மலையாளியும் சட்டத்தின் முன் மலையாளியே. சமயம் மாறிய பழங்குடியினரைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்ற கோரிக்கை இந்தியாவின் வேறு பகுதிகளில் அவ்வப்போது எழுகிறது. கடவுளை மாற்றியவர் மக்களையும் மாற்றிக்கொண்டவரா என்ற ரூத்தின் கேள்விதான் அங்கே வேறு பெயரில் விவாதிக்கப்படுகிறது.